சத்து மாத்திரை டப்பா

வியாழன், இரவு

நேற்று வலிப்போடு வார்டுக்கு வந்த பெண் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். சங்கராபுரம் பக்கம் வீடு, இங்கே கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கிறாள். அடுப்படியில் விழுந்திருக்கிறாள். நல்லவேளை, நாக்கு கடிபட்டதோடு போயிற்று. சின்ன வயசிலிருந்து போட்டுவந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்று அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாந்தான் நிறுத்த சொன்னேன் சிஸ்டர். பொண்ணு பாக்க வந்துகினு இருக்காங்க. இது இன்னா மாத்திரைன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? சத்து மாத்திரை டப்பாவுல போட்டுக் குடுத்துடுங்க."

முடியாது என்றேன். நாளைக்குக் கல்யாணமாகிப் போகிற வீட்டில் இவளுக்கு வலிப்பு வந்தால் என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்றே டாக்டருக்குத் தெரியாது. கர்ப்பமானால் மாத்திரையை மாற்றவேண்டி வரலாம், அதையும் யாரும் கேட்கமாட்டார்கள். பொறுமையாகத்தான் சொன்னேன். அந்த அம்மா அழுதுவிட்டார்.

டியூட்டி முடியும்போது அந்தப் பெண் கேட்டாள்: "அந்த டப்பாவுலயே குடுத்திருந்தா தெனமும் போட்டுகினு இருப்பேனே சிஸ்டர். வூட்டுக்குப் போனா மறுபடியும் நிறுத்திடுவாங்க."

"மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிடும்மா."

"சொல்றேன். அவரு வேணாம்னு போயிட்டா, அடுத்து வர்றவருகிட்டயும் சொல்லணுமா?"

மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

காலையில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.