உங்கள் பயங்களின் வரிசை

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கும் அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தேன். போர்வெல்லில் தண்ணீர் வரவில்லை என்று மோட்டாரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் மோட்டார் வெளியே வந்து பாக்கு மரங்களுக்கு நடுவே கிடந்தபோது ஒரு வாசனை எழுந்தது. வெயிலே படாத தண்ணீரில் வருஷக்கணக்காகக் கிடந்த இரும்பின் வாசனை. அண்ணி மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

நம் கம்பெனியின் டெஸ்டிங் கொட்டகையில் தொட்டிப் பக்கம் இதே வாசனைதான் இருக்கும். நீங்கள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது முடியவில்லை.

கணபதி பகுதியில் இருந்த அந்த மோட்டார் கம்பெனியில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. இன்ஜினியரிங் படிப்பு, மிடுக்கான நடை, சத்தமான குரல். நீங்கள் எனக்குக் கீழே மோட்டார்களைப் பரிசோதிக்கிற வேலையில் இருந்தீர்கள். வயதில் பத்து வருஷம் மூத்தவர். நான் உங்களை அக்கா என்றேன், நீங்கள் என்னை மேடம் என்றீர்கள். கடைசி வரைக்கும் அதை மாற்ற முடியவில்லை.

உங்களைப் போலப் பயந்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டவுன் பஸ்ஸில் "இறங்கோணுங்க" என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, ஸ்டாப்பைத் தாண்டிப் போய் வெயிலில் திரும்பி நடந்து வருவீர்கள். பேக்கரியில் டீ கேட்டால் காபி வரும். அதைக் குடித்துவிட்டு நல்லாயிருக்குதுங்க என்பீர்கள். டெலிபோன் மணி அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் வேலை பார்த்த பழனியண்ணன் உங்களைச் சீண்டாத நாள் கிடையாது.

"ஏனுங்க்கா, காலையில சேவல் கூவுனாக்கூட அதுகிட்ட மன்னிப்புக் கேப்பீங்களாட்ட இருக்குது?"

நீங்கள் சிரித்துக்கொண்டே, "சேவலுக்கு என்னங்கண்ணா, அதுக்கும் தொண்டை வலிக்குமல்லங்க" என்பீர்கள்.

ஆனால் தொட்டி முன்னால் நின்றால் வேறு ஆள். நாம் செய்தது தண்ணீருக்குள்ளேயே ஓடுகிற மோட்டார். அதற்குள் சுற்றியிருக்கும் வயரின் மேலுறையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் போதும், நாளாக நாளாக மின்சாரம் தண்ணீரில் கசியும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மோட்டாரை ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டு, அப்புறம் மீட்டர் வைத்துப் பார்ப்பது. இருபத்துநான்கு மணி நேரம் என்று பலகையில் எழுதி மாட்டியிருந்தது. அந்தப் பலகையை வாசித்தவர்கள் பலர். மணி பார்த்து நடந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான். "என்னங்க்கா, இட்லிக்கு ஊறப்போட்டிருக்கீங்களா?" என்று பழனியண்ணன் கேட்டால் அதற்கு மட்டும் பதிலே சொல்ல மாட்டீர்கள்.

உங்களுக்குள் இரண்டு பெண்கள் இருப்பதாக நான் முடிவு கட்டியிருந்தேன். வெளியே ஒருத்தி, தொட்டியடியில் ஒருத்தி. வெளியே இருப்பவளை அதட்டினால் உள்ளே இருப்பவளும் அடங்கிவிடுவாள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

சித்திரை வெயில். ஊரெல்லாம் கிணறு வற்றி, மோட்டாருக்கு ஆள் மேல் ஆளாக வந்துகொண்டிருந்தார்கள். ஆனைமலையில் இருந்த ஒரு வியாபாரிக்கு நாற்பது மோட்டார் அனுப்ப வேண்டும். லாரி வாசலில் நின்றது. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும் என்று நான் சொன்னேன். முதலாளி சொல்லவில்லை, அக்கா. நான்தான் சொன்னேன். அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்கிற ஆசை. இரண்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து மீட்டர் வைத்தோம். நாற்பதும் நன்றாகவே காட்டின.

"டெஸ்ட் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடுங்கக்கா, அனுப்பிரலாம்."

"இன்னும் ஊறோணுங்க மேடம்."

"அதான் மீட்டர் நல்லா காட்டுதே?"

"நீங்க சொல்றது சரிங்க மேடம்" என்றீர்கள். சொல்லிவிட்டு, மோட்டாரைத் தூக்கி இறக்கும் செயின் பிளாக்கைப் பிடித்து, முதல் மோட்டாரைத் திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கினீர்கள். அப்புறம் இரண்டாவது. நீங்கள் மறுத்துப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். இவ்வளவு மரியாதையாக ஒருவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் இருக்க முடியும் என்பது அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

பழனியண்ணன் போய் முதலாளியைக் கூட்டிவந்துவிட்டார். முதலாளியும் நம் ஊர்க்காரர்தானே, கோபத்திலும் 'ங்க' போகாது.

"ஏனுங்க அம்மணி, ஆனைமலைக்காரரு நாலு தடவ போன் பண்ணிப்போட்டாரு. ஒரு கையெழுத்துத்தானுங்களே?"

நீங்கள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டீர்கள். முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "கோவிச்சுக்காதீங்க சார். நாளைக்கு இந்நேரம் போட்டுத் தாரேனுங்க."

"இன்னைக்கே வேணும்னா?"

"வேற யாராச்சும் போட்டுக்கட்டுங்க. நான் நாளையிலிருந்து வரலீங்க."

உங்கள் ஒருவர் சம்பளத்தில் வீடு ஓடுகிறது, பெண் ஒன்பதாவது படிக்கிறாள் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நீங்கள் அதைத் துடைக்கக்கூட இல்லை. செயினை விடாமல் பிடித்திருந்தீர்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க போடலாமுங்கல்ல?"

போடலாம். எனக்கு அந்த அதிகாரம் இருந்தது. பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போது நீங்கள் என்னிடம், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னீர்கள்: "தோப்புல பாத்தி ஈரத்துல வெறுங்காலோட நின்னுட்டுத்தானுங்க மேடம் சுவிட்சு போடுவாங்க."

என் ஊரும் தோட்டங்காடுதான். என் அண்ணனும் அப்படி நின்றுதான் சுவிட்சு போடுவார். பேனாவை மூடினேன். "ரெண்டு மணி நேரம் போதும்னு சொன்னது நானுங்க சார். தப்பு என்னோடது. நாளைக்கே போகட்டும்" என்றேன். லாரியை மறுநாள் வரச் சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, நம் இரண்டு பேருக்கும் வேலை இருக்குமா என்றே தெரியவில்லை. அந்தக் கவலையிலும் நீங்கள் வழக்கம்போலக் குரல் கொடுக்காமல் உங்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மறுநாள் நீங்களே சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் மீட்டர் வைத்தோம். இருபதைத் தாண்டும் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. வீணாக ஒரு நாளை இழந்தோமோ என்று நினைத்தேன். இருபத்துநான்காவது மோட்டாரில் முள் எழும்பவே இல்லை; உள்ளே மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். அப்புறம் இன்னும் இரண்டு அதே போல. நாற்பதில் மூன்று. முதல் நாள் நாற்பதும் நல்லவையாக இருந்தன.

முதலாளி வந்தார். மூன்றுக்கும் தானே மீட்டர் வைத்துப் பார்த்தார். பிறகு பழனியண்ணனிடம், "அம்மணிக்கு டீ சொல்லுங்க" என்றார். டீ வந்தது. முதலாளி எதிரில் குடிக்க வெட்கப்பட்டுக்கொண்டு, டம்ளரோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குடித்தீர்கள். பழனியண்ணன் அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "எங்கிருந்துக்கா வந்துச்சு அவ்வளவு தைரியம்?"

"தைரியமெல்லாம் இல்லீங்க மேடம். எனக்கு எல்லாத்துக்கும் பயம். அதுல எது பெரிய பயம்னு பாப்பனுங்க. சார் வைவாருங்கறது ஒரு பயம். வேலை போயிருமுங்கறது அதவிடப் பெருசு. ஆனா எவனோ ஒருத்தன் ஈரத்துல கிடக்கறதை நெனச்சா, அது எல்லாத்தையும் விடப் பெருசா இருந்துச்சு. அந்தப் பயத்துல போடாம இருந்துட்டனுங்க." இதைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டில் உப்புக் குறைவாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். அது நான் கொண்டுவந்த சாப்பாடு.

இரண்டு பெண்கள் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கண்டக்டரிடம் வாய் திறக்காதவரும் முதலாளிக்குத் தலையசைக்காதவரும் ஒரே ஆள். ஒரே பயம்தான் இரண்டு இடத்திலும் வேலை செய்திருக்கிறது. தைரியசாலியாக இருந்த நான்தான் இரண்டு மணி நேரம் போதும் என்று சொன்னேன். பயப்படாதவளுக்கு ஓட்டை தெரியவில்லை.

உங்கள் பயங்களின் அதே வரிசை உங்களைக் கைவிட்ட இடமும் ஒன்று உண்டு. அதை எழுதாமல் இருந்தால் உங்களுக்கே பிடிக்காது. உடம்பில் வலி வந்தபோது, அடுத்தவருக்குத் தொந்தரவு ஆகிவிடுவோமோ என்கிற பயம் நோயைப் பற்றிய பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. மகளிடம்கூட ஒரு வருஷம் சொல்லவில்லை. அதற்காக உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் உங்களைப் பார்க்க வந்தபோது தண்ணீர் வேண்டும் என்று எனக்கே சைகையில்தான் காட்டினீர்கள். ஆனால் பக்கத்துக் கட்டில் அம்மாள் மூச்சுவிடத் திணறியபோது, "நர்சம்மா, கொஞ்சம் ஓடியாங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டது நீங்கள்தான். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனதும், சத்தம் போட்டதற்காக வார்டில் இருந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் அக்கா என்று அந்த வார்டு முழுக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நான் இப்போது வேறு கம்பெனியில், பெரிய டெஸ்டிங் பிரிவுக்குத் தலைமை. சென்ற வாரம் ஆள் எடுத்தோம். மதுக்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். டிப்ளமோ படித்தவள். கேள்வி கேட்டால் குரல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. என்னோடு இருந்த அதிகாரி, "இந்தப் பொண்ணு சரிப்படாதுங்க மேடம், ரொம்பப் பயப்படுது" என்று அவள் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தார். நான் அதை எடுத்து வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து, "உனக்கு எதுக்கு அம்மணி ரொம்பப் பயம்?" என்று கேட்டேன்.

"நான் தப்பா எழுதிப்போட்டு, அது யாருக்கும் தெரியாமலே வெளிய போயிருமோன்னுதானுங்க மேடம்."

திங்கட்கிழமை சேருகிறாள். தொட்டிப் பக்கம்தான் நிறுத்தப்போகிறேன். அங்கே யாரும் அவளை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முதலில் நானே அவளை அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.