உங்களோடு நின்றுபோன பென்ஷன்

அக்கா,

இன்று விடிகாலையில் மறுபடியும் அந்த நெடி. எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் தொண்டையைச் சுரண்டுமே, அதுதான். எழுந்து ஜன்னல்களைச் சாத்தும்போது நீங்கள் இருமுவது போலவே இருந்தது.

ராயபுரத்து அரசு ஆஸ்பத்திரியில் நாம் ஒரே வார்டில் நர்ஸாக இருந்தபோதே உங்களுக்கு அந்த இருமல் வந்துவிட்டது. இந்தக் காற்றை விட்டுப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "ரிட்டயர் ஆனதும் காரைக்கால் போய்டுவேன்டி. அது பாண்டிச்சேரி சர்க்காரு. வூட்டு வரி கம்மியாம், பெட்ரோலும் கம்மி. வேளாங்கண்ணிக்கு ஒரே பஸ்சு" என்றீர்கள்.

நீங்கள் பழைய பென்ஷன் திட்டத்தில் இருந்தவர். நான் பின்னால் வேலைக்கு வந்தவள். புதுத் திட்டத்துக்கென்று என் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். கடைசியில் கைக்கு என்ன வரும் என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. "உன்ன நெனச்சாதான் பேஜாரா கீது" என்பீர்கள்.

ஒருமுறை இருவரும் காரைக்காலுக்குப் போய் ஒரு வீடு பார்த்தோம். ஒற்றை அறை, பின்னால் முருங்கை மரம். வெறும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்த நீங்கள், வீட்டுக்காரர் வந்து கனைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

நீங்கள் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில், துறைமுகத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த உங்கள் தம்பி பக்கவாதத்தில் விழுந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத உங்களுக்குத் திருவொற்றியூரில் அவர் வீடுதான் வீடு. உங்கள் பென்ஷன் அங்கே அரிசியாகவும் மருந்தாகவும் பிள்ளைகளின் ஃபீஸாகவும் போனது. "நீங்க மட்டும் காரைக்கால்ல இருந்துகினு இவுங்களுக்குப் பணம் அனுப்பக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஒரு பென்ஷன்ல ரெண்டு வூடு எப்டிடி ஓடும்? நான் மூச்சு வுட்டுகினு இருக்கற வரைக்கும்தான் இங்க ஒல கொதிக்கும்."

வருடா வருடம் உயிரோடு இருப்பதைக் காட்டக் கருவூலத்துக்குப் போவோம். கடைசி வருடம் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "இரு, உசுரோட கீறேன்னு காட்டிட்டு வந்துடறேன்" என்று என் தோளைப் பிடித்து எழுந்தீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, கல்லறைத் தோட்டத்து வாசலில் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், அக்கா பென்ஷன்ல பாதியாவது எங்களுக்கு வருமா?" புருஷனோ பிள்ளையோ இருந்திருந்தால் வந்திருக்கும், தம்பி குடும்பத்துக்குக் கிடையாது என்று நான்தான் சொன்னேன். அதன் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. இப்போது ஒரு மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறாள்.

எனக்கும் ஓய்வு நெருங்குகிறது. வரும் பணத்தை மொத்தமாகப் போட்டு மாதவரத்தில் தன் பேரில் ஃப்ளாட் வாங்கலாம் என்று என் மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். "நீ எங்ககூடவே இருக்கப் போற, உனக்கு எதுக்கும்மா தனியா பணம்?"

போன ஞாயிற்றுக்கிழமை, "தர மாட்டேன்டா" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. மருமகள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். போக எனக்கும் வேறு இடமில்லை. இதே வீட்டில்தான் வளைய வருகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயுசு முழுக்க நீங்கள் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிய 'மாட்டேன்' இப்போது என்னிடம் இருக்கிறது அக்கா.