கேட்டால் மட்டும் சொல்லலாம்

அம்மிணி,

இன்று காலை மகளின் புடவைக்கு ஃபால்ஸ் வாங்க மீனா பஜாருக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு கடை வாசலில் அரபிக் காப்பி, அந்தக் கஹ்வா, கொதித்துக்கொண்டிருந்தது. ஏலக்காயும் குங்குமப்பூவும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. கடைக்காரர் நான் வாங்க வந்தவன் என்று நினைத்து ஒரு சின்னக் கோப்பையை நீட்டினார். வேண்டாம் என்று என் கை தானாக உயர்ந்தது. உயர்ந்த கையைப் பார்த்ததும் எனக்கு என்னமோ போல் ஆகி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கிழவனுக்கு வெயிலில் மயக்கம் போலிருக்கிறது என்று யாரோ தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். மயக்கம் என்றே இருக்கட்டும் என்று வாங்கிக் குடித்தேன்.

நீ போன பிறகு மகள் என்னை கோயம்புத்தூரில் தனியாக விடவில்லை. இப்போது பர் துபாயில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். பேரன் பேத்திகள் வாயைத் திறந்தால் இங்கிலீஷ். "தாத்தா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிடுகின்றன. நாம் ஊழியம் செய்த அல் ஐன் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். வந்த நாளிலிருந்து ஒரு முறைகூடப் போகவில்லை.

நாம் மோர்மன் சபைக்கு வந்த கதையை நீ யாரைப் பார்த்தாலும் சொல்வாய். வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு பையன்கள் கதவைத் தட்டினார்கள், பாவம் என்று காப்பி போட்டேன், அதைக் குடிக்க மாட்டோம் என்றார்கள், காப்பி வேண்டாம் என்று சொல்கிற ஆட்களும் உலகத்தில் உண்டா என்று அதிசயப்பட்டு உள்ளே கூப்பிட்டேன் என்பாய். கடைசியில் சபை விதிப்படி அந்தக் காப்பியை நீயே விட வேண்டி வந்தது. ஞானஸ்நானத்துக்கு முன்னால் உனக்கிருந்த ஒரே கவலை அதுதான். விடிந்ததும் ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பி இல்லாமல் யார் முகத்திலும் விழிக்காதவள், ஒரே நாளில் விட்டாய். நான் ஒளித்து ஒளித்துக் குடித்து, மெதுவாகத்தான் விட்டேன். அது உனக்குத் தெரியும்.

பிறகு மணிலா வரை போய், அங்குள்ள ஆலயத்தில் எதிரெதிரே முழங்காலிட்டு, சாவுக்கு அப்புறமும் நாம் கணவன் மனைவிதான் என்று முத்திரை பெற்று வந்தோம். திரும்பும் விமானத்தில் நீ என் பக்கம் சாய்ந்து, "ஏனுங்க, அப்ப இந்தக் குறட்டைய இன்னும் எத்தனை காலத்துக்குக் கேக்கோணுமுங்க?" என்றாய். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தம்பதியாக ஊழியத்துக்குப் போகலாம் என்று சபையில் சொன்னபோது முதலில் கை தூக்கியவள் நீ. நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக ஊர் ஊராகப் போய்ப் பேசியே பிழைத்தவன். பேசுகிற வேலைதானே, ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். போட்டார்களே அல் ஐனில்! முதல் நாளே நம்மை அழைத்து உட்காரவைத்த சபைப் பெரியவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்த நாடு நம்மை மரியாதையாக இருக்க விட்டிருக்கிறது, அந்த மரியாதையைக் காப்பாற்ற வேண்டும், நீங்களாகப் போய் யாரிடமும் மதம் பேசக்கூடாது, நம் கூடுகைக்கு வருகிறவர்கள் கேட்டால் மட்டும் சொல்லலாம். வெளியே வந்ததும் நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"உங்க வாய்க்குப் பூட்டுப் போட ஆண்டவரு இந்தப் பாலைவனம் வரைக்கும் கூட்டியாற வேண்டியதாப் போச்சு பாருங்க."

ஊழியத்தில் ஜோடியை விட்டுப் பிரியக் கூடாது என்பது விதி. இத்தனை வருடக் குடித்தனத்தில் அப்படி ஒட்டிக்கொண்டு நாம் இருந்ததில்லை. நீ ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் நான் தையல் கடையில் பெண்கள் நடுவே பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் முடி வெட்டப் போனால் நீ சலூன் பெஞ்சில் இருப்பாய். பேர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வெளியே போகக் கூடாது என்பதால் அது உன் பர்ஸுக்குள் கிடக்கும். ஊழியக்காரருக்கு உள்ள பட்டப்படி எல்லோர் முன்னாலும் என்னை "மூப்பர்" என்றுதான் கூப்பிட வேண்டும். அதை நீ கூப்பிடுகிற ராகத்தில் கேலி இருப்பது எனக்கு மட்டும் தெரியும்.

நம் வீட்டுக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை பாயை மறந்திருக்க மாட்டாய். தினமும் டீ கொடுத்தனுப்புவார், தினமும் திருப்பி அனுப்புவோம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாடி ஏறி வந்துவிட்டார். "எங்க டீயில என்ன குத்தங் கண்டிய? நாங்க பாய்மாருன்னு யோசிக்கியளா?" என்று அவர் கேட்டபோது முகம் சுண்டிப்போயிருந்தது. நீ பதறிப்போய், சத்தியம் செய்யாத குறையாக, எங்கள் வேதத்தில் டீயும் காப்பியும் ஆகாது என்று விளக்கினாய். கேட்டதால் சொன்னோம், அதுதான் நம் முதல் பிரசங்கம் என்று அன்றைக்கெல்லாம் சொல்லிச் சிரித்தோம். மறுநாளிலிருந்து எலுமிச்சை ஜூஸ் வந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தோம், அம்மிணி. வாரக் கூடுகையில் பிலிப்பைன்ஸ் பெண்கள் பாடுகிற பாட்டும், நீ சுட்டுக்கொண்டு போகிற ரொட்டியும், பேரீச்சந்தோப்பில் வாய்க்கால் ஓரமாக நடந்ததும் எல்லாம் உண்மை. ஆனால் யாரும் எதையும் கேட்கவில்லை. வாரம் வாரமாக நான் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, எவராவது ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று உட்கார்ந்திருந்தேன். இத்தனை தூரம் வந்து சும்மா இருக்கிறோமே என்று எரிச்சல் வரும். உன்மேல்தான் காட்டுவேன், பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள்!

ராணி அந்தக் காலத்தில்தான் வந்தாள். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஒரு பெரிய அரபி வீட்டில் வேலை. பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் பெண்ணோடு கூடுகைக்கு வந்து, தமிழ் பேச நீ கிடைத்ததும் உன்னோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு நாள் கூடுகைக்கு வராமல் உனக்கு போன் செய்தாள். நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"அம்மா, எம் மகன் மோசம் போயிட்டானாம்மா. காய்ச்சலாம். மூணு நாளு கெடந்திருக்கான், எனக்கு யாருமே சொல்லல. பாஸ்போட்டு சின்ன முதலாளிகிட்ட இருக்கு. என்னைய எப்படியாச்சும் அனுப்பச் சொல்லுங்கம்மா. மண்ணுக்குப் போறதுக்கு முந்தி ஒருக்கா அவன் மொகத்தப் பாக்கணும்."

அவ்வளவுதான். அந்த வீட்டுக் கதவை எப்படித் தட்டினோம் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். வீட்டுக்காரம்மா வயதானவர், விதவை. நல்ல மாதிரிதான். ஹிந்தி தெரிந்திருந்தது. உட்காரச் சொன்னார். நான் என் ஓட்டை ஹிந்தியில் ராணியின் பிள்ளை இறந்ததைச் சொல்லி, தயவு செய்து அவளை இன்றே அனுப்புங்கள் என்றேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அப்போதுதான் கஹ்வா வந்தது. வீட்டுக்காரம்மாவே ஊற்றிக் கோப்பையை நீட்டினார். பழக்க தோஷம், நம் இரண்டு பேர் கையும் ஒன்றாக உயர்ந்து வேண்டாம் என்றன.

அவர் முகம் மாறியது. ஏன் என்று கேட்டார். கேட்டால் சொல்லலாம்தான், ஆனால் ஒரு முஸ்லிம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எங்கள் வேதம் இப்படிச் சொல்கிறது என்று ஆரம்பிக்க எனக்கு நாக்கு எழவில்லை. உடம்புக்கு ஆகாது என்றேன். இரண்டு பேருக்குமா என்றார். கோப்பையை நம் முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார். சமையலறை வாசலில் நின்ற ராணி தலையைக் குனிந்துகொண்டாள். என்ன தப்பு நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

அப்போது நீ கோப்பையை எடுத்தாய். ஒரே மடக்கில் குடித்தாய். அவர் மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தாய். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும் என்று உனக்குத் தெரியாது, அவர் ஊற்ற ஊற்ற நீ குடித்துக்கொண்டே இருந்தாய். கடைசியில் அவரே சிரித்து, உன் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டிக் கொடுத்தார். போதும் என்பதற்கு "கலாஸ்," என்றார். மகனிடம் பேசுகிறேன் என்றும் சொன்னார். எத்தனையோ வருடமாக ஒரு சொட்டுக் காப்பி தொடாதவள் நீ. வெளியே வந்ததும் நான் உன் முகத்தைப் பார்க்க, நீ முந்திக்கொண்டாய்.

"ஆண்டவருகிட்ட நானே பேசிக்கறேனுங்க. காப்பிக் கொட்டையவும் அவருதானே படைச்சாரு."

நடந்ததைக் கேட்டு பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க டீயத் தள்ளுனது பரவால்ல. அரபி வீட்டு கஹ்வாவத் தள்ளலாமா? கேக்க வந்தவங்க கோப்பையத் தொடாம இருந்தா, கேட்டதக் குடுத்தாத்தான் குடிப்பேன்னு மல்லுக்கு நிக்கிறதா அர்த்தம். நல்ல வேளை, ஆத்தா குடிச்சாங்க."

நல்ல வேளை என்று நாமும் நினைத்தோம். ஆனால் அந்த மகன், ராணி சொன்ன சின்ன முதலாளி, வெளிநாட்டில் இருந்தான். பாஸ்போர்ட் அவன் பூட்டி வைத்த பெட்டியில் இருந்தது. அம்மா போன் மேல் போன் போட்டார், அதை நான் குறை சொல்ல மாட்டேன். வந்து பார்க்கிறேன் என்றானாம். அவன் வருவதற்குள் தோட்டத்தில் பிள்ளையைப் புதைத்துவிட்டார்கள். யாரோ போனில் எடுத்து அனுப்பிய வீடியோவில் மழையும் குடைகளும் தெரிந்தன, சவப்பெட்டி மூடியிருந்தது. டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று அவன் வந்த பிறகு சொன்னபோது, "இனிப் போயி என்னாங்க செய்ய," என்று ராணி சொல்லிவிட்டாள்.

அடுத்த கூடுகையில் அவள் என்னிடம் கேட்டாள். ஊழியம் முழுக்க நான் காத்திருந்த கேள்வி அது. "ஐயா, எம் புள்ளைய நான் மறுபடி பாப்பேனா?" எனக்கு மார்பு விம்மியது. பூட்டைத் திறந்துவிட்ட மாதிரி பேசினேன். சாவு குடும்பத்தைப் பிரிக்க முடியாது, அவன் உன் மகனாகவே இருக்கிறான், நிச்சயம் பார்ப்பாய் என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யாகச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் நம்பித்தான் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "எப்பங்க?" என்றாள். நீ அவள் தலையை உன் மடியில் வைத்துக்கொண்டாய்.

வீட்டுக்கு நடந்து போகும்போது, நீயும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அவ பையனோட மொகத்தக் கேக்கறா. அது நம்மகிட்ட இல்லீங்களே," என்றாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய நம்பிக்கையை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறாளே என்று நினைத்தேன்.

ஊழியம் முடிந்து ஊர் திரும்பிய அடுத்த மழைக்காலத்தில் உனக்கு வயிற்றில் வலி வந்தது. மீதியை நீயே அறிவாய். நீ போன அன்று சபையார் வந்து என் தோளைத் தொட்டு, சாவு குடும்பத்தைப் பிரிக்காது, நிச்சயம் பார்ப்பீர்கள் என்றார்கள். என் வார்த்தைகளேதான். நல்ல மனிதர்கள், நம்பித்தான் சொன்னார்கள். எனக்குள் ஒன்றும் அசையவில்லை, அம்மிணி. ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு ஒரு வேளைக்குக்கூட அது ஆறுதலாக இல்லை. இங்கேயும் மகள் என்னைக் கூடுகைக்கு அழைத்துப் போகிறாள். திருவிருந்தில் கொடுக்கிற ரொட்டியை வாங்குகிறேன், தண்ணீரை வாங்குகிறேன். முழங்காலிட்டால் உன் பேர்தான் வருகிறது, வேறு ஒன்றும் வருவதில்லை. நீ எங்கேயும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன மாதம் ராணி போன் செய்தாள். இப்போது குவைத்தில், ஃபர்வானியாவில் வேலையாம். நீ போன செய்தி அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"ஐயா, அம்மா அங்க போயிட்டாங்க தானே? அப்ப எம் மகனப் பாத்திருப்பாங்க இல்லீங்களா?"

நான் சொன்னதை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளாக அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். நம் ஊழியத்தில் நம்மை நம்பியவள் என்று ஒருத்தி உண்டென்றால் அவள்தான். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்!

"பாத்திருப்பா, ராணி," என்றேன்.

"அம்மா அவன முன்னப் பின்னப் பாத்ததில்லையே, அடையாளம் தெரியுமாங்க?"

தெரியும் என்றேன். ஆனாலும் அவளுக்கு மனம் கேட்கவில்லை, நானே உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறாள். ஒவ்வொரு வாரமும் போன் செய்து, ஜெபத்தில் அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்கிறாள். சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டேன் என்று சமாளித்துக்கொண்டு வந்தேன். இன்று நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது, இனியும் அவளை ஏமாற்றக் கூடாது என்று பட்டது. அதற்காகத்தான் இந்த மடல்.

அவன் பேர் சுதன், அம்மிணி. ஒல்லியாக இருப்பானாம். இடது புருவத்துக்கு மேல் சின்னத் தழும்பு இருக்குமாம். புது ஆட்களிடம் சட்டென்று பேச மாட்டானாம். அப்படி ஓர் இடம் இருக்குமானால், கொஞ்சம் தேடிப் பார்.