சாம்பிளுக்குப் போன கதைகள்

அக்டோபர் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். சலவைப் பட்டறையில் வெளுத்த துணி இன்னும் காயவில்லை. அப்பா வாசலுக்கும் மிஷின் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். தீபாவளிக்கான பனியன் சரக்கு இந்த வாரம் மதுரைக்குப் போயாக வேண்டும்.

செய்ய வேண்டியவை: மதுரைக் கடைக்குக் கடிதம். லேபிள் அச்சகத்துக்கு நினைவூட்டல். வாடகை நூலகப் புத்தகம் (கெடு தாண்டிவிட்டது). நீல மை.

சாயங்காலம் நூர்ஜகான் வந்தாள். நனைந்துகொண்டே எங்கள் மண்ணரை வரை நடந்திருக்கிறாள். புடவைத் தலைப்புக்குள் ஒரு கடிதம், அது மட்டும் நனையவில்லை. சென்னைப் பத்திரிகையிலிருந்து. துணை ஆசிரியைப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம்.

"என்னைய எடுத்துட்டாங்க புள்ள. உனக்கு?"

"இன்னும் இல்லை" என்றேன். அந்த "இன்னும்" எதற்கு?

ஆனி மாதம் வந்த விளம்பரம். "எழுதத் தெரிந்த பெண்களுக்கு வீட்டிலிருந்தபடியே கௌரவமான நிரந்தர வருமானம். மாதிரிக் கதைகள் மூன்று அனுப்புக." இரண்டு பேரும் சேர்ந்துதான் அனுப்பினோம். ஒரே தபாலாபீஸ், ஒரே பசை. மூன்று கதையையும் சும்மா கேட்கிறார்களே என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. அப்பாதான் சிரித்தார். "சாம்பிள் அனுப்பாம எவன் ஆர்டர் குடுப்பான், கண்ணு?" சரியாகத்தான் பட்டது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு வேறெப்படிப் படும்? சாம்பிள் என்றால் இருப்பதிலேயே நல்ல நூல், நல்ல கை தைத்தது. அது திரும்பி வராது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதனால் இருப்பதிலேயே நல்ல மூன்றை அனுப்பினேன். படி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

நூருவும் அப்படியே.

அக்டோபர் 4, புதன்

மழை இல்லை. துணி காய்ந்தது. எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை.

நூருவின் எழுத்தில் உள்ள குறைகள் (நியாயமாக யோசித்து): 
எல்லாருக்கும் கடைசியில் மன்னிப்பு. 
மழை வராத கதை கிடையாது. 
ஒற்றெழுத்து போட வேண்டிய இடத்தில் போட மாட்டாள், நான்தான் போட்டுக் கொடுப்பேன். 
"வருகைப் பதிவு" கதையில் நல்ல வாக்கியம் ஒன்றே ஒன்று. அதுவும் நான் சொன்னது.

ஆனாலும் அந்தக் கதை நன்றாக இருக்கும். பள்ளிக்கூட ஆயா, எழுதப் படிக்கத் தெரியாதவள், வகுப்பில் வாசிக்கும் பெயர்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பாள். செத்துப்போன குழந்தையின் பெயரையும் வரிசையில் விடாமல் சொல்லிவிடுவாள். அதைப் படித்த அன்று அவளிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. தலைவலி என்றேன்.

நேற்றுக் கடிதத்தை முழுதாகப் படிக்கக் கொடுத்தாள். ஆறு மாதம் பயிற்சிக் காலம், சம்பளம் அதற்குப் பிறகு. மாதம் மூன்று கதை அனுப்ப வேண்டும். "எழுத்துக்கே முழு நேரமும் அளிப்பவர்களுக்கு முன்னுரிமை." இதை நம்பிப் பள்ளிக்கூட வேலையை விடப் போகிறாள். சனிக்கிழமை ராஜினாமாக் கடிதம். இரண்டு வருடம் பதிலி ஆசிரியையாக அலைந்து கிடைத்த இடம். எப்போது காலியாகும் என்று தாளாளரின் அண்ணன் மகள் காத்திருக்கிறாள். விட்டால் திரும்பக் கிடைக்காது.

கொஞ்சம் பொறுத்துப் பார் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவளும் கவனித்திருப்பாள்.

அக்டோபர் 5, வியாழன்

வெயில். கண் கூசுகிறது.

பெட்டி கட்டும் வேலை. மரப்பெட்டியின் அடியிலும் பக்கத்திலும் பழைய தாள் போட்டுத்தான் பனியனை அடுக்குவோம். தாள் கோவையிலிருந்து எடைக்கு வரும். எல்லாம் விற்காமல் திரும்பிய பத்திரிகைகள், அட்டை மட்டும் கிழிக்கப்பட்டவை. பெட்டி கட்டும் பழனியண்ணன் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். காலடியில் கிடந்த ஒரு பக்கத்தில் இந்த வரி:

"பெயர் வாசிக்காவிட்டாலும் வந்தவர்கள் வந்தவர்கள்தான்."

என் வாக்கியம். நூருவுக்கு நான் சொன்னது.

எடுத்துப் பார்த்தேன். தலைப்பு "கண்ணீரில் மிதந்தவள்". எழுதியது நிலவரசன். ஆயாவுக்குக் கடைசியில் ஒரு கல்யாணமும் செய்து வைத்திருக்கிறார். மற்றபடி எல்லாம் நூரு, மழை உட்பட. பக்கத்தின் அடியில் சென்னைப் பத்திரிகையின் பெயர், ஆகஸ்ட் மாதம். அவளைத் "தேர்ந்தெடுப்பதற்கு" முன்பே அச்சடித்துவிட்டார்கள்.

அதே இதழில் நிலவரசனுக்கு இன்னும் மூன்று கதைகள். ஒன்றில் புகையிலைக் காடு, ஒன்றில் நர்ஸ் விடுதி, ஒன்றில் பிரசவம், அதுவும் பெற்றவள் மட்டுமே எழுதக்கூடிய பிரசவம். ஒரே ஆளுக்கு எத்தனை ஊர், எத்தனை மாமியார். அப்போதுதான் புரிந்தது. அந்த விளம்பரமே இதற்குத்தான். வேலையும் கிடையாது, துணை ஆசிரியையும் கிடையாது. ஊர் ஊராகப் பெண்கள் அனுப்பும் சாம்பிளை வைத்தே மாதம் ஒரு பத்திரிகை. நன்றாக எழுதுகிறவள் என்று தெரிந்தால் "பயிற்சி" என்று சொல்லி இன்னும் வாங்குவது.

நூருவுக்காகப் பதறியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. அந்தத் தாள் கட்டு முழுவதையும் அவிழ்த்து என் கதைகளைத் தேடினேன்.

ஆகஸ்டில் இல்லை. செப்டம்பர் இதழ் ஒன்று கிடைத்தது, அதிலும் இல்லை. நூருவின் இரண்டாவது கதை இருந்தது.

பழனியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என்னங் அம்மணி தொலைச்சீங்க? சொன்னா நானுந் தேடுவேன்ல."

ஒன்றுமில்லீங்க என்றேன்.

திருடுகிறவன்கூட என்னுடையதை எடுக்கவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

சரக்கு லாரி ஏறிவிட்டது. அப்பா இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டார்.

நூருவிடம் சொல்லவில்லை. காரணங்கள் என்று காலையில் எனக்கே சொல்லிக்கொண்டவை: லாரி வேலை. அவள் பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்துகிறாள். நேரில்தான் சொல்ல வேண்டும். மழை வரும்போல இருக்கிறது.

உண்மை: சொன்னால் முதல் கேள்வி "உன் கதையும் வந்திருக்கா?" என்பதாக இருக்கும்.

இன்னொரு உண்மை: அவள் ஏமாந்து நிற்பதைப் பார்க்க ஒரு சின்ன ஆசை. ரொம்பச் சின்னது. எழுதிய பிறகு பார்க்க அவ்வளவு சின்னதாக இல்லை.

நாளைக்குக் கடிதம் கொடுத்துவிடுவாள். வருகிற மாதத்திலிருந்து தாளாளரின் அண்ணன் மகள் கையில் சாக்கட்டி. நூரு வீட்டில் உட்கார்ந்து நிலவரசனுக்குக் கதை எழுதிக்கொண்டிருப்பாள். ஆறு மாதம் கழித்து அவள் அத்தா வேறு பேச்சு எடுப்பார். இப்போதே ஈரோட்டு மாப்பிள்ளை ஒருவர் பெயர் அடிபடுகிறது.

காலையில் போகிறேன்.

அக்டோபர் 7, சனி

பள்ளிக்கூட மணி அடிக்குமுன் போய்விட்டேன். ஆனாலும் பிந்திவிட்டேன். உறையைத் தலைமை ஆசிரியையின் மேஜையில் வைத்துவிட்டுத்தான் வாசலுக்கே வந்திருக்கிறாள். த.ஆ. இன்னும் வரவில்லை.

வேப்பமரத்தடியில் இரண்டு இதழ்களையும் கொடுத்தேன். மேலே மேலே புரட்டினாள். படிக்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"உனக்கு வரலைன்னுதான இதெல்லாந் தேடிட்டுக் கெடந்தே?"

"ஆமா. வயித்தெரிச்சல்லதான் தேடுனேன். அதுக்காக கெடச்சது பொய்யாயிருமா? படி."

படித்தாள். நின்றுகொண்டே. பாதியில் அவள் முகத்தில் வந்தது கோபமல்ல, சந்தோஷம். அச்சில் தன் வரிகளைப் பார்க்கிற சந்தோஷம். அதைப் பார்த்தபோதும் எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் கல்யாணம் வந்தது.

"ஆயாவுக்குக் கல்யாணமா? அவளுக்கு அறுவது வயசு புள்ள."

பெயரை மாற்றியதைவிட அதுதான் அவளைச் சுட்டது. கண் கலங்கிவிட்டது. திடீரென்று நினைவு வந்து உள்ளே ஓடினாள். நானும் பின்னால் போனேன். த.ஆ. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உறை பிரிக்கப்பட்டிருந்தது.

திரும்ப வேண்டும் என்று நூரு கேட்டாள். என்ன காரணம் என்று சொல்ல வரவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன் நூர்ஜகான், மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னுட்டாங்களா?"

கல்யாணத்துக்காக விடுகிறாள் என்றே நினைத்திருக்கிறார். பெண்கள் வேறெதற்காக வேலையை விடுவார்கள்?

நூரு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாங் டீச்சர். ஆளு சரியில்லீங்க."

"தாளாளர்கிட்டப் போகலை இன்னும். போய் வகுப்பைப் பாரு" என்று உறையை நீட்டினார்.

வராந்தாவில் இரண்டு பேரும் சிரித்தோம், சத்தம் வராமல். அப்புறம் அவள் கேட்டாள். "உன்னோடது எதுல இருக்குது?"

எதிலும் இல்லை என்றேன். அவள் என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையைத் தட்டிவிடாமல் நின்றதுதான் இன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அக்டோபர் 9, திங்கள்

வானம் மப்பு. மின்சாரம் இல்லை, மிஷின் சத்தம் இல்லாமல் காது வலிக்கிறது.

எனக்காக எழுதி வைப்பது: 
படி எடுக்காமல் ஒரு தாளும் வெளியே போகக்கூடாது. 
ஒரு இதழையாவது கண்ணால் பார்க்காமல் அந்தப் பத்திரிகைக்கு அனுப்பாதே. 
பாதிக் கதைகளை ஒரே ஆள் எழுதியிருந்தால் யோசி. 
சம்பளம் பிறகு என்றால் கதையும் பிறகு. 
இருக்கிற வேலையை விடச் சொல்கிறவன் யாராயிருந்தாலும் வேண்டாம். 
தபால் பெட்டி எண் மட்டும் கொடுத்து, தெருப் பெயர் கொடுக்காதவர்கள்: வேண்டவே வேண்டாம்.

பனியன் ஆர்டருக்கு அப்பா இத்தனையும் பார்ப்பார். கடை எங்கே, ஆள் யார், முன்பு யாருக்குக் கொடுத்தான் என்று விசாரிக்காமல் ஒரு பெட்டி நகராது. விசாரித்த பிறகுதான் சாம்பிள். நாங்கள் சாம்பிளை மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

அக்டோபர் 11, புதன்

பூஜை. மிஷின்களுக்குச் சந்தனப் பொட்டு. புத்தகங்களெல்லாம் சரஸ்வதி முன்னால் அடுக்கியாகிவிட்டது. இன்று எழுதக்கூடாத நாள். அம்மா பார்த்தால் திட்டுவாள்.

நூரு சுண்டல் வாங்கிப் போக வந்தாள். அவள் அத்தாவிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். அவர் கமிஷன் வியாபாரி, அலட்டிக்கொள்ளவில்லை. நாம் தைத்த பனியனில் அடுத்தவன் லேபிள் ஒட்டி விற்பது நடக்கிறதுதானே, இதற்குப் போய் அழுவதா என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"அதுக்குக் கூலி வருமில்லீங்களா அத்தா'ன்னு கேட்டேன். கணக்கு நோட்டை எடுத்து விரிச்சுட்டாரு."

மூன்றாவது கதையும் அக்டோபர் இதழில் வந்திருக்கும் என்கிறாள். சலித்துக்கொள்வது போலத்தான் சொன்னாள். சலிப்பு மாதிரி இல்லை.

இரண்டு இதழ்களையும் சனிக்கிழமையே அவள் எடுத்துப் போய்விட்டாள். கிழிந்த பக்கத்தைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறாளாம்.

அக்டோபர் 16, திங்கள்

நல்ல வெயில். தபால் பதினோரு மணிக்கு.

எனக்கு ஒரு கடிதம். சென்னைப் பத்திரிகை. "தங்கள் மாதிரிக் கதைகளைப் பரிசீலித்ததில் மகிழ்ச்சியுடன்..."

எனக்கு எல்லாம் தெரியும். அதன் அடியும் முடியும் தெரியும். ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தேன். திரும்பப் படித்தேன். உடம்புக்கு யாரும் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். மைக்கறைக் கையோடு நூரு வந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுபடி மேலிருந்து படித்தாள்.

"உங்கிட்ட மாசம் நாலு கேட்டிருக்கறாங்க" என்றாள். "எனக்கு மூணுதான்."

திருட்டுப் பயல்கள், எத்தனை கேட்டால் என்ன என்றேன். அதுவும் சரிதான் என்றாள். கடிதத்தைத் திருப்பித் தராமல் நடந்தாள், நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பதில் போடுவதில்லை என்று முடிவு. காதர்பேட்டை முனை வரை அவள் இரண்டடி முன்னாலேயே போனாள். ஈரோட்டுப் பேச்சு எடுத்துப் பார்த்தேன், கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பிரியும்போது தலைவலி என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.