அஞ்சல் பெட்டியடியில் நாலு முட்டை

18 ஏப்ரல் 1998, சனி. ஃபிரிஸ்கோ.

தங்கை வீட்டு மெயில்பாக்ஸ் பக்கம் சரளைக் கல்லில் ஓர் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தது. தங்கை மகள் நித்யா சுற்றிலும் ஐஸ்கிரீம் குச்சி நட்டுக் காவல் காத்தாள். இன்று காலை குருவி ஒரு சிறகை இழுத்துக்கொண்டு நொண்டியது.

"மாமா நூறு கொக்குக்கு ஒடிஞ்ச சிறகைக் கட்டினவன். ஓடிப் போய் டவல் எடுத்துட்டு வா" என்றேன்.

நூறெல்லாம் இல்லை, ஒன்றுதான், அதுவும் செத்துப்போனது.

அவள் வருவதற்குள் நானே அதைப் பிடிக்கத் துரத்தினேன். குருவி ஜோராகப் பறந்துவிட்டது. காலடியில் முட்டைகள் நொறுங்கின.

டவலோடு வந்தவளிடம், "பக்கத்து வீட்டு நாய் மிதிச்சுட்டு ஓடுது பாரு" என்றேன்.

அவள் என் ஷூவைப் பார்த்தாள். அதில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது.

"குருவி ஜஸ்ட் ப்ரிடெண்டிங், மாமா. சும்மா நொண்டுச்சு. முட்டை கிட்ட நீங்க போகக் கூடாதுன்னு."

டவலை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ராத்திரி சாப்பிடும்போது தங்கை கேட்டாள்: "முட்டை என்னடி ஆச்சு?"

"பக்கத்து வீட்டு டாக், அம்மா" என்றாள் நித்யா, தட்டைப் பார்த்தபடி.

எட்டு வயசுக் குழந்தை. ஷூவை இரண்டு தடவை கழுவிவிட்டேன். காலையில் அவளிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். அவளுக்குத்தான் தெரியுமே. தங்கையிடம்தான் சொல்ல வேண்டும்.