சாவி தள்ளினால் மடக்கு

மார்ச் 7, வெள்ளி

இந்த ஞாயிறும் எனக்குத்தான். நீரேற்று நிலையத்தில் நாங்கள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் இருந்தால் போதும். அது யார் என்பதை வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் போக்கர் சீட்டு ஆடி முடிவு செய்கிறோம். ஆளுக்கு இருபது நட்டு, பழைய மோட்டாரில் கழற்றியவை. இரண்டு மணிக்கு யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவருக்கு ஞாயிறு வேலை. பொறியாளருக்கு இது தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

பம்ப் ஓடியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று கையில் இரண்டு ராஜா. ஸ்டோர் கீப்பர் தன் நட்டுகளை மொத்தமாக நடுவில் தள்ளினார். ஈடாக வைக்கப் பயந்து, சீட்டைக் கவிழ்த்து மடக்கிவிட்டேன். எலக்ட்ரீஷியனும் மடக்கினான், குளோரின் பார்க்கும் அக்காவும் மடக்கினார். எல்லோரும் மடக்கினால் தள்ளியவர் சீட்டைக் காட்டாமலே அள்ளிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு ஒரு நட்டு முன்பணம் போல வைக்க வேண்டும், ஆக மடக்கி மடக்கியே காலியானேன்.

ஸ்டோர் கீப்பரை நாங்கள் சாவி என்போம். இடுப்பில் கொத்தாகத் தொங்கும். மனைவி இறந்த பிறகு மனிதர் ஆட்டத்தில் பயங்கரமாகத் தேறிவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியாது. சீட்டைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை. ஆகவே விதி ஒன்று: சாவி தள்ளினால் மடக்கு. விதி இரண்டு இன்னும் யோசிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வேலை முடிந்து வந்ததும் மனைவி சொன்னாள்: "முப்பதாம் தேதி பாப்பாவுக்கு ஆறு வயசு. ஞாயித்துக்கிழமை. அன்னிக்கும் வேலைன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவ கேப்பா."

அவள் துணிக்கடையில் ஆறு நாளும் வேலை பார்க்கிறாள். ஞாயிறு ஒன்றுதான் எங்களுக்கு. அதையும் நான் நட்டுக்குத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

சாவி தள்ளினார், மடக்கினோம், அள்ளினார். கலைத்துப் போடுவது என் முறை. அவர் போட்ட சீட்டைப் புரட்டினேன். இரண்டு, நாலு, ஏழு, ஒன்பது, ஜாக்கி. ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே இல்லாத ஐந்து சீட்டு.

இதுக்கா மடக்கினேன்? எத்தனை வாரமா? நான் என்ன மடையனா?

ஞாயிறு எனக்கு. அடுத்த வெள்ளி விட மாட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

ஒன்பதில் இரண்டு, ஆறில் இரண்டு. சாவி வழக்கம்போல ஒரு பார்வைகூடப் பார்க்காமல் தள்ளினார். மற்ற இருவரும் மடக்கினார்கள். என்னிடம் இருந்த அத்தனையையும் நடுவில் வைத்து, "காட்டுங்கண்ணே" என்றேன்.

சாவியின் முகம் மலர்ந்தது. எனக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டினார். ராணி. மூன்று. ராணி. எட்டு. ராணி. மூன்று ராணிக்கு முன்னால் என் இரண்டு ஜோடி நிற்காது.

"இது எப்படி வந்துச்சு?" என்றார் சாவி, யாரோ அவர் பையில் கைவிட்டது போல. எலக்ட்ரீஷியன், "நல்லா நடிக்கிறார்" என்றான். சாவி முகம் செத்துப்போய், ஜெயித்த நட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போனார்.

ஞாயிறும் வேலை என்று வீட்டில் சொன்னேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பாப்பா கேட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

காலை ஆறு மணிக்குப் போனால் கேட் திறந்திருக்கிறது. சாவி உள்ளே பம்ப்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கெளம்பு தம்பி. நான் பாத்துக்கறேன்."

"நீங்கதானேண்ணே ஜெயிச்சீங்க?"

"ஒன்றரை வருஷமா தோக்கத்தான் பாக்கறேன். நீங்க எங்க விட்டீங்க? குப்பையத் தள்ளினாலும் மடக்கி மடக்கி என்னை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. அங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலமே ஆகமாட்டேங்குது."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்போமே."

"குடுத்திருப்பீங்க. பாவம்னு பாத்திருப்பீங்க."

பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு வந்தேன்.

வீட்டில் பாப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. மனைவி கதவைத் திறந்து, என்னையும் கடிகாரத்தையும் பார்த்தாள்.

"அப்ப அங்க யாரு?"

"சாவி அண்ணன்."

"பாவம்" என்றாள்.

"அதை மட்டும் சொல்லாத" என்றேன்.