கரும்பச்சைப் பின்னணி

ஐப்பசி, வெள்ளி இரவு.

தூக்கமே வரவில்லை. சீவலப்பேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா, போனில் என் வலைப்பூவைப் படித்துக்கொண்டிருந்தார்! முன்பின் தெரியாத ஒரு வாசகர்! ஆனால் நான் ஆசை ஆசையாக வைத்த கரும்பச்சைப் பின்னணியும் சுருள் எழுத்தும் வெயிலில் அவருக்குத் தெரியவே இல்லை. பதிவை நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிப் படித்தார்.

"எதுக்குக்கா இம்புட்டுக் கஷ்டப்பட்டுப் படிக்கிய?" என்றேன்.

"நல்லா எழுதுதாம்மா இந்தப் பிள்ள. வீட்டத்தான் இருட்டா வச்சிருக்கா."

நான்தான் அது என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வலைப்பூவை வெள்ளையில் கறுப்பெழுத்தாக மாற்றிவிட்டேன். தலைப்பு மட்டும் என் கையெழுத்தில், அதே கரும்பச்சையில் இருக்கிறது. அதை யாருக்காகவும் மாற்ற மாட்டேன். நாளைக்கும் அதே பஸ்தான். ஏறியதும் சொல்லிவிட வேண்டும்: "லைட்டப் போட்டுட்டேன்க்கா, வாங்க."